உடலின் காவல் - 12: முத்துச்சிப்பிக்குள் ஓர் ஒட்டுத்துண்டு

உடலுக்குள் புகுந்து நோய் எதிர்ப்பு மண்டலத்தை எழுப்பிவிடும் பொருள் ஆன்டிஜென். கிருமியின் மேலுள்ள புரதம், மகரந்தத் துகள், பிறரிடமிருந்து பெற்ற சிறுநீரகம் என எதிலும் அது இருக்கலாம். மனித உடலில் பி செல்களும் டி செல்களும் அதை இனம் கண்டு பெருகுகின்றன. பி செல்கள் ஆன்டிபாடி சுரக்கின்றன. சில செல்கள் அந்த அடையாளத்தை ஆண்டுக்கணக்கில் நினைவில் வைக்கின்றன. தாடையுள்ள முதுகெலும்பிகளுக்கு மட்டுமே வாய்த்த ஏற்பாடு இது.

மன்னார் வளைகுடாவின் பார்களில், அதாவது கடலடித் திட்டுகளில், வாழும் முத்துச்சிப்பியிடம் ஆன்டிபாடியும் கிடையாது, டி செல்லும் கிடையாது. கடல்நீரை ஓயாமல் வடிகட்டி உண்ணும் அதற்குள் பாக்டீரியாவும் ஒட்டுண்ணியும் வந்துகொண்டே இருக்கும். காவலுக்கு இருப்பவை ஹீமோசைட்டுகள் என்னும் இரத்த செல்கள். கிருமிகளின் மேலுறையில் பொதுவாகக் காணப்படும் சர்க்கரைச் சங்கிலிகளை லெக்டின் புரதங்கள் பற்றிக்கொள்ள, ஹீமோசைட்டுகள் கிருமியை விழுங்குகின்றன. விழுங்க முடியாத அளவு பெரிது என்றால் கூட்டமாகச் சூழ்ந்து உறை கட்டுகின்றன. 1882-இல் இத்தாலியின் மெசினாவில் விலங்கியலாளர் மெட்ச்னிகாஃப் இந்தக் காவலைக் கண்டறிந்ததும் ஒரு கடலுயிரிடம்தான்: முள் குத்திய நட்சத்திர மீன் லார்வா.

இயற்கை முத்துக்கு நாடாப்புழு லார்வாவே காரணம் என்றார், 20ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் இலங்கைப் பார்களை ஆராய்ந்த வில்லியம் ஹெர்ட்மன். மணல் துகள் என்ற பரவலான நம்பிக்கையைவிட இது உண்மைக்கு நெருக்கம். ஆனால் புழு மட்டும் போதாது. முத்துப்பூச்சைச் சுரப்பவை ஓட்டை ஒட்டிய மேன்டில் படலத்தின் செல்கள். காயத்தாலோ ஒட்டுண்ணியாலோ அவை இடம்பெயர்ந்து சதைக்குள் சிக்க வேண்டும்.

தூத்துக்குடியில் 1961-க்குப் பின் முத்துக்குளிப்பு நடக்கவில்லை. அருகிலுள்ள வேப்பலோடையில் 1973-இல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் கே. அழகர்சாமி வளர்ப்பு முத்தை உருவாக்கிக் காட்டினார். ஒரு சிப்பியின் மேன்டிலைச் சிறு துண்டுகளாக நறுக்கி, கிளிஞ்சல் ஓட்டில் கடைந்த மணியோடு சேர்த்து, மற்றொரு சிப்பியின் இனப்பெருக்க உறுப்புக்குள் வைப்பது இதன் முறை. உண்மையில் இது திசு மாற்று அறுவை. மனிதருக்கு இதைச் செய்தால் பொருத்தம் பார்க்க வேண்டும், டி செல்களை அடக்க ஆயுள் முழுதும் மருந்து தர வேண்டும். சிப்பியோ அயலானின் திசுவைப் பெரும்பாலும் ஏற்றுக்கொள்கிறது. எதிர்ப்பாற்றலைப் பற்றி யோசிக்கும் எவரையும் நிறுத்தி வைக்கும் வியப்பு இது.

ஹீமோசைட்டுகள் காயத்துக்குத் திரண்டு மணியைச் சூழ்கின்றன. புண் ஆற ஆற, ஒட்டுத்துண்டின் செல்கள் மணியைச் சுற்றிப் பரவி முத்துப்பை ஆகின்றன. பை சுரக்கும் கால்சியம் கார்பனேட் மணியின்மேல் அடுக்கடுக்காகப் படிகிறது. முத்தின் நிறத்தைப் பெருமளவு தீர்மானிப்பதும் துண்டு கொடுத்த சிப்பியின் செல்களே.

எல்லாச் சிப்பியும் ஒத்துழைப்பதில்லை. அறுவையின்போது கிருமி புகுந்தாலோ காயம் பெரிதானாலோ மணி வெளியே தள்ளப்படும். சிப்பி இறக்கவும் கூடும். ஆகவேதான் கருவிகளைச் சுத்தமாக வைத்து, மெந்தால் தூளால் சிப்பியை மயக்கி, ஓடு தளர்ந்த பிறகே கத்தி வைக்கிறார்கள்.