கேட்டு உறுதிசெய்தல்

மாத்தளை மாவட்டத்து எல்கடுவ மலைச்சாரலிலே, தேயிலைத் தோட்டக் கந்தோர் ஒன்றிற் கடமையாற்றும் இளம் எழுதுவினைஞர் ஒருவரை எண்ணிப் பார்ப்போம். ஊழியர் சேமலாப நிதிக்கு அனுப்பவேண்டிய பட்டியல் அவர்முன் இருக்கின்றது. இராமசாமி என்னும் தொழிலாளியின் பெயர் அதில் ஆங்கில எழுத்திலே ‘சாமி’ என முடிகின்றது. கந்தோரின் பழைய பதிவேட்டிலோ ‘சுவாமி’ என்றிருக்கின்றது. பட்டியலைத் தயாரித்தவர் மூத்த கணக்கப்பிள்ளை. அவரிடம் கேட்டால் குறைகண்டதாக எண்ணுவாரோ எனத் தயங்கி, எழுதுவினைஞர் தாமே ஒன்றைத் தீர்மானித்துவிட்டால், அதனால் வரும் துன்பம் அவ்விருவருக்கும் அன்று, இராமசாமிக்கே.

1958 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த அந்நிதிக்குத் தொழிலாளியின் ஊதியத்திலிருந்து நூற்றுக்கு 8 பங்கும், தொழில்கொள்வோரிடமிருந்து 12 பங்கும் சேர்கின்றன. ஆண்கள் 55 வயதிலும் பெண்கள் 50 வயதிலும் அதனைப் பெறலாம். அவ்வேளை நிதியிலுள்ள பெயரும் அடையாள அட்டையிலுள்ள பெயரும் ஒவ்வாவிடின், முதுமையிலே கந்தோர் கந்தோராக அலைய நேரும்.

மலையக மக்களுக்குப் பதிவின் அருமை புதிதன்று. 1949 ஆம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் பிரசாவுரிமைச் சட்டத்தின்கீழ் விண்ணப்பித்தோர், 1946 ஜனவரி 1 க்கு முன் விவாகமானவராயின் 7 ஆண்டும், ஆகாதவராயின் 10 ஆண்டும் இடையறாது இலங்கையில் வதிந்தமையை நிறுவவேண்டியிருந்தது. அத்தகைய வேளையில் ஏட்டிலுள்ள ஓரெழுத்தும் பெரிதாகும்.

ஆதலால் எவ்வாறு கேட்பது? “பெயர் பிழை, திருத்தி அனுப்புக” என்பது குற்றச்சாட்டு. “சாமி என்பது சரிதானே?” என்பது இனிமையாய் ஒலிப்பினும், உறுதிசெய்தல் அன்று; பாராமலே “ஆம்” எனச் சொல்ல வழிவிடுவது. பின்வருமாறு எழுதுதல் நன்று:

“ஐயா, இராமசாமி அவர்களின் பெயர் பட்டியலில் ‘சாமி’ என்றும் எம்மிடமுள்ள ஏட்டில் ‘சுவாமி’ என்றும் காணப்படுகின்றது. அவரது அடையாள அட்டையில் எவ்வாறுள்ளதென்பதைப் பார்த்து, வெள்ளிக்கிழமைக்கு முன் அறியத்தருமாறு அன்புடன் வேண்டுகின்றோம். பட்டியலை அன்று அனுப்பவேண்டியுள்ளது.”

இதில் எவர் பிழையென்ற பேச்சில்லை. இரண்டு பதிவுகளும் அருகருகே வைக்கப்பட்டுள்ளன. பார்க்கவேண்டிய சான்றும், தவணையும், அதன் காரணமும் கூறப்பட்டுள்ளன. தொலைபேசியில் விடை வந்தால், பெயரை எழுத்தெழுத்தாகத் திருப்பிச் சொல்லி, “அவ்வாறே” எனக் கேட்டபின் எழுதிக்கொள்க. உறுதிசெய்தவர் பெயரையும் திகதியையும் குறித்து, நன்றி கூறுக. மூத்தவர் நம்மைக் கேட்கும்போது, நாமும் முகஞ்சுளியாது ஏட்டைத் திறந்து பார்ப்போமாக.

விடைத்தாளைக் கொடுக்குமுன் ஒருமுறை வாசித்துப் பார்க்குமாறு நம் ஆசிரியர்கள் அன்று கூறினர். அங்கே பிழைத்தால் இழப்பவை நம் புள்ளிகளே. கந்தோரிலே பிழைத்தால், பிறர் தம் வாழ்நாள் உழைப்பை இழக்கக்கூடும். அதனை நினைந்தால், கேட்பதற்குக் கூச்சம் வாராது.