அருங்காட்சியகத்தின் கணக்கில் வராத உழைப்பு

அருங்காட்சியகம் ஒன்றின் சாதனை என்ன என்று கேட்டால், பார்வையாளர் எண்ணிக்கையும் நுழைவுக் கட்டண வருவாயுமே பெரும்பாலும் விடையாகக் கிடைக்கின்றன. ஆண்டறிக்கையில் எழுத எளிதானவை அவை. அங்கு நிகழும் புதுமைகளில் பல இவ்விரண்டிலும் அடங்குவதில்லை.

சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தையே எடுத்துக்கொள்வோம். 1851-இல் தொடங்கப்பட்ட அந்நிறுவனத்துக்குப் பெருமை சேர்ப்பவை அதன் செப்புத் திருமேனிகள். மண்ணுக்கடியில் நெடுங்காலம் கிடந்து மீண்ட திருமேனிகளில் குளோரைடு உப்புகள் தங்கிவிடுவதுண்டு. ஈரக்காற்று பட்டதும் அவை உலோகத்தை அரிக்கத் தொடங்கும். வெளிர்பச்சை நிறத் தூள் உதிரும். தன்னைத் தானே தூண்டிக்கொண்டு தொடரும் வேதிவினை இது. மேலே துடைப்பதால் நிற்காது. 'வெண்கல நோய்' என்றே இதற்குப் பெயர்.

இத்தகைய திருமேனிகளைக் காக்க, 1930-இல் அங்கு வேதியியல் ஆய்வகம் தொடங்கப்பட்டது. இந்தியாவில் இத்துறையின் முன்னோடிகளுள் ஒன்று அது. அதன் பொறுப்பை ஏற்ற எஸ். பரமசிவன், மின்பகுப்பு முறையைக் கையாண்டார். காரக் கரைசலில் திருமேனியை எதிர்மின்வாயாக வைத்து மெல்லிய மின்னோட்டம் செலுத்தினால், குளோரைடு மெல்ல வெளியேறும். சொல்வதற்கு எளிது, ஆனால், மின்னோட்டம் அளவு மீறினால் மேற்பரப்பின் நுண்வேலைப்பாடே பெயர்ந்துவிடக்கூடும். தஞ்சைப் பெரிய கோயில், சித்தன்னவாசல் ஓவியங்களின் செய்முறையையும் அவர் ஆராய்ந்தார்.

இந்த உழைப்பின் வெற்றி எப்படித் தெரியும்? எதுவும் நிகழாமல் இருப்பதே வெற்றி. நிகழாத ஒன்றை எந்தப் படிவத்தில் நிரப்புவது?

பொருளியலில் இதற்கு விளக்கம் உண்டு. ஒருவர் பல பணிகளைச் செய்யும்போது, அளக்கக்கூடியவற்றுக்கு மட்டும் வெகுமதி அளித்தால், அவரது கவனம் அவற்றின் பக்கமே சாயும் என்று பெங்ட் ஹோம்ஸ்ட்ரோமும் பால் மில்குரோமும் 1991-இல் காட்டினர். பின்னாளில் இருவருமே நோபல் பரிசு பெற்றார்கள். வருகையை மட்டும் எண்ணினால் கண்காட்சிகள் பெருகும். கிடங்கில் இருப்பவை கவனிப்பாரற்றுப் போகும்.

ஐரோப்பாவில் 1977 முதல் ஆண்டின் சிறந்த அருங்காட்சியகத்துக்கு விருது வழங்கப்படுகிறது. 2014-இல் அது, எழுத்தாளர் ஓரான் பாமுக் இஸ்தான்புல்லில் உருவாக்கிய சிறிய அருங்காட்சியகத்துக்குக் கிடைத்தது. அளவைப் பாராமல் கற்பனையைப் பாராட்டியது நன்று. ஆயினும், அதுவும் கண்ணுக்குத் தெரியும் படைப்புக்கான பாராட்டே.

என் கருத்தில், பணமுடிப்பைவிடப் பதிவுதான் முதன்மையானது. எந்தத் திருமேனிக்கு என்ன சிகிச்சை, யார் செய்தார், எது பலன் தரவில்லை என்பவை செய்தவர் பெயரிலேயே வெளியாக வேண்டும். துறை வல்லுநர்கள் அவற்றை மதிப்பிட்டு, பதவி உயர்வில் அம்மதிப்பீடு கணக்கில் கொள்ளப்பட வேண்டும். தோல்வியைப் பதிவு செய்தால் தண்டனை வரும் என்ற அச்சம் இருக்கும் அலுவலகத்தில் எவரும் புதிய முறையைத் தொடமாட்டார்கள். காட்சிக்கூடத்துப் பெயர்ப்பலகையில் சிகிச்சை நடந்த ஆண்டையும் செய்தவர் பெயரையும் ஒரு வரியில் சேர்க்கலாம். அதற்குத் தனி நிதி ஒதுக்கீடும் தேவைப்படாது.