கதை சொல்லும் கணிப்பொறி விளையாட்டு

1794-ஆம் ஆண்டில் நில அளவைப் பள்ளியாகத் தோன்றி, 1920-இல் கிண்டிக்கு இடம்பெயர்ந்த பொறியியற் கல்லூரியில் இன்று கணிப்பொறியியலும் கற்பிக்கப்படுகிறது. நிரல் எழுதும் திறம் ஆங்குக் கைவரும். ஆயினும், நிரல் மட்டும் நல்ல விளையாட்டை ஆக்கிவிடாது, கதையும் வேண்டும். நல்ல கதையுடைய விளையாட்டைக் கண்டறிவது எங்ஙனம்?

பல விளையாட்டுகளில் கதை என்பது ஓட்டத்திற்கும் சண்டைக்கும் இடையே ஒட்டிவைத்த படமே. அதனை நீக்கினும் ஆட்டம் குறைபடாது. கதையை நீக்கின் ஆட்டமும் நின்றுவிடுமாயின், அதுவே தேடத்தக்கது.

கனடாவின் டொராண்டோ நகரில் ஆக்கப்பெற்று 2023-இல் வெளிவந்த ‘வெண்பா’ அத்தகையது. 1980-களில் தமிழ்நாட்டினின்று கனடாவிற்குக் குடியேறிய வெண்பா, பாவலன் என்னும் தம்பதியரும், அவர்தம் மகன் கவினும் அதன் மாந்தர். வெண்பா தன் தாயிடமிருந்து பெற்ற சமையற் குறிப்பேடு சிதைந்து கிடக்கிறது. விடுபட்டவற்றை ஆடுவோர் உய்த்துணர்ந்து இட்டலி முதலியன சமைத்தல் வேண்டும். வெல்லுதற்குப் பகைவர் எவருமிலர். பிழை நேரின் மீண்டும் முயலலாம்.

கவின் வளர வளரத் தமிழ் அவனை விட்டு விலகுகிறது. பின்னொரு நாள் அவனே அடுப்பின்முன் நிற்கிறான். தமிழெழுத்து அவனுக்குச் சரிவரப் படிக்க வரவில்லை. ஆகவே, ஆடுவோர்க்கும் குறிப்பு அரைகுறையாகவே தெரிகிறது. மகன் இழந்தது யாது என எவரும் எடுத்துரைக்கவில்லை. அவனோடு தடுமாறும் கையே அதனை உணர்கிறது. கதையும் ஆட்டமும் ஒன்றாவது இவ்விடத்தேதான்.

2024-இல் இங்கிலாந்தின் பாஃப்டா அமைப்பு, முதற்படைப்புக்குரிய விருதினை இதற்கு அளித்தது. இதனை ஆடி முடிக்க ஓரிரு மணி நேரமே போதும்.