பழைய கணினியைத் தூக்கியெறியும் முன்...

விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியுடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-ஐ ஏற்கும் தகுதி பல பழைய கணினிகளுக்கு இல்லை. அதற்காக, நன்றாக உழைக்கும் கருவியைக் கழித்துக்கட்டுவது பொருளாதாரம் பயிற்றுவித்த எனக்கு ஏற்புடையதாகத் தோன்றவில்லை. இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் இருக்கிறது.

ஆனால், எந்த லினக்ஸை நிறுவினாலும் வேகம் வந்துவிடாது. திரைமுகப்பு எவ்வளவு எளிமையானதோ, அவ்வளவுக்கு நினைவகம் மிச்சமாகும். உபுண்டுவின் க்னோம் முகப்பு நினைவகத்தை மிகுதியாகக் கேட்கும். 4 ஜிபி நினைவகம் உள்ள கணினிக்கு லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு பொருந்தும். அதனினும் குறைவெனில் லுபுண்டு. பென் டிரைவிலிருந்தே இயக்கி, வைஃபையும் பிரிண்டரும் செயல்படுகின்றனவா எனச் சோதித்து, கோப்புகளை நகலெடுத்துவைத்த பின்னரே நிறுவ வேண்டும். டேலி போன்று விண்டோஸுக்கென உருவான மென்பொருளை நம்பியிருப்போர் மாறும் முன் யோசிப்பது நல்லது.

அப்போதும் தாமதமெனில், கணினியுடன் தாமாகத் தொடங்கும் செயலிகளைக் குறைக்கலாம். செலவு செய்வதாக இருந்தால், பழைய வன்தட்டை நீக்கி எஸ்எஸ்டி பொருத்துவதே முதற்செலவாக இருக்கட்டும். புதுக் கணினியின் விலையோடு ஒப்பிட்டால் அது சிறு தொகையே.

ஒரு கருவியின் மதிப்பை அதன் வயது தீர்மானிப்பதில்லை. அது இன்னும் ஆற்றக்கூடிய பணியே தீர்மானிக்கிறது.