வித்துகளின் தற்காப்பு

தேனி மாவட்டத்தில் கொடைக்கானல் மலையின் அடிவாரத்தில் அமைந்த ஊர் கெங்குவார்பட்டி. மாவும் தென்னையும் நெல்லும் விளையும் இவ்வட்டாரத்தில் சாலையோரங்களில் வேம்பும் புளியும் நிற்கின்றன. வேலியோரம் ஆமணக்கு வளர்கிறது, குன்றிமணிக் கொடி படர்கிறது. இவை ஆண்டுதோறும் எண்ணற்ற வித்துகளை மண்ணில் உதிர்க்கின்றன. வித்து என்பது முளைக்கருவும் அதற்கான கட்டுச்சோறும் சேர்ந்த பொதி. மாவு, எண்ணெய், புரதம் செறிந்த இப்பொதியை வண்டும் புழுவும் பூஞ்சையும் நாடாமல் இரா. ஓடவோ ஒளியவோ இயலாத வித்து, மாதக்கணக்கில், சில வேளை ஆண்டுக்கணக்கில் அழியாது காத்திருப்பது எவ்வாறு? இவ்வினாவின் விடை நம் களஞ்சியத்தோடும் உணவோடும் தொடர்புடையது.

உறையும் உலர்வும்

முதல் அரண் உறை. புளியங்கொட்டையின் தோல் கடினமானது. அதில் துவர்ப்புப் பொருளாகிய டானின் மிகுந்துள்ளது. இப்பொருள் புரதங்களோடு பிணைந்து, உண்ண வரும் உயிரின் செரிமானத்தைக் குலைக்கிறது. நெல்லின் உமியிலோ மணற்சத்தாகிய சிலிக்கா செறிந்துள்ளது. உமி பழுதின்றி இருக்கும்வரை வண்டு எளிதில் உட்புக இயலாது. தீட்டிய அரிசியிலோ விரைவில் வண்டு விழுகிறது. நம் முன்னோர் நெல்லாகவே குதிரில் இட்டு வைத்து, வேண்டும்போது குற்றிக்கொண்டதன் பொருத்தம் இதனால் விளங்கும். வரவிருந்த பஞ்சத்தை எதிர்கொள்ள, உண்பதற்குரிய சிறு அளவு போக எஞ்சிய விளைச்சலைக் கதிரிலேயே விட்டு வைக்குமாறு யூசுஃப் (அலை) அவர்கள் கூறியதைத் திருக்குர்ஆனின் 12ஆம் அத்தியாயம் எடுத்துரைப்பதும் இங்கு நினைக்கத்தக்கது.

இரண்டாம் அரண் உலர்வு. பூஞ்சை வளர ஈரம் இன்றியமையாதது. முற்றிய வித்து தன் நீரை இழந்து, உயிர்ச்செயல்களை ஏறத்தாழ நிறுத்திக்கொள்கிறது. இந்நிலை எத்துணைக் காலம் நீடிக்கக்கூடும் என்பதற்கு மசாதா கோட்டையில் கிடைத்த பேரீச்சங்கொட்டை சான்றாகும். சுமார் 2,000 ஆண்டுப் பழமையுடைய அது 2005இல் முளைத்தது.

வேதி அரண்

உறையைத் துளைத்து நுழையும் பகைக்கு உள்ளே வேறு தடைகள் உள்ளன. மொச்சை, சோயா முதலிய பயறுகளில் ட்ரிப்சின் தடுப்பான்கள் எனும் புரதங்கள் உண்டு. இவை பூச்சியின் குடலில் புரதத்தைச் செரிக்கும் நொதியை முடக்குகின்றன. வயிறு நிறைய உண்டும் பூச்சி பட்டினி கிடக்கிறது. லெக்டின் எனும் மற்றொரு வகைப் புரதம் குடற்சுவரில் ஒட்டிக்கொண்டு ஊறு செய்கிறது. மொச்சையை ஊறவைத்து நன்கு வேகவைக்கும் நம் சமையல் வழக்கம் சுவைக்காக மட்டும் அன்று. வெப்பம் இப்புரதங்களைப் பெரிதும் செயலிழக்கச் செய்கிறது.

வேப்பங்கொட்டையின் ஆயுதம் அசாடிரக்டின். 1968இல் பிரித்தெடுக்கப்பட்ட இப்பொருள் பூச்சிகளுக்கு உணவில் வெறுப்பை ஊட்டுவதோடு, புழு தோலுரித்து வளர்வதையும் தடுக்கிறது. வேப்பெண்ணெயைக் கொண்டு தாவரப் பூஞ்சைகளைத் தடுக்கும் முறைக்கு 1994இல் ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகம் வழங்கிய உரிமம், அதில் புதுமை இல்லை என்ற எதிர்ப்பின் பேரில் 2000இல் நீக்கப்பட்டது; மேல்முறையீடும் 2005இல் தள்ளுபடியாயிற்று. நம் உழவர் வழிவழியாக அறிந்திருந்த உண்மை இங்ஙனம் அயல்நாட்டு மன்றிலும் நிலைபெற்றது.

வித்துக்குப் பேரிடர் முளைக்கும் வேளையில் வருகிறது. உறை வெடிக்கிறது, ஈரமும் உள்ளது, மண்ணின் பூஞ்சைகள் சூழ நிற்கின்றன. பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1990களில் முள்ளங்கி வித்தை ஆராய்ந்து, உறை பிளந்தவுடன் டிஃபென்சின் எனும் பூஞ்சைத் தடுப்புப் புரதங்கள் வெளியே கசிந்து, இளமுளையைச் சுற்றி ஒரு காப்பு வளையம் அமைப்பதைக் கண்டனர். கைட்டினேஸ் எனும் நொதியோ பூஞ்சையின் சுவரையே கரைக்கிறது.

இவ்வாயுதங்களுள் சில மனிதருக்கும் கொடியவை. ஆமணக்கு வித்திலுள்ள ரிசினை 1888இல் ஸ்டில்மார்க் கண்டறிந்தார். எண்ணெய் எடுக்கும்போது அது பிண்ணாக்கிலேயே தங்கிவிடுகிறது. பொற்கொல்லர் எடைக்கல்லாகப் பயன்படுத்திய குன்றிமணியில் அதற்கு ஒப்பான ஏப்ரின் உள்ளது. கடின உறை உடையாதவரை நஞ்சு பெரும்பாலும் உள்ளேயே அடங்கியிருக்கும். மென்றாலோ துளையிட்டாலோ உயிருக்கே ஆபத்து. குழந்தைகளின் கையில் அதனை விளையாட்டுப் பொருளாகத் தருவது தகாது.

பகையும் பழகும்

தற்காப்பு முழுமையானதன்று. பயறு வண்டு, ட்ரிப்சின் தடுப்பானுக்கு வசப்படாத வேறு வகை நொதிகளைக் கொண்டு செரித்துக்கொள்கிறது. ஆதலால்தான் வீட்டிலுள்ள தட்டைப்பயறிலும் பாசிப்பயறிலும் வட்டத் துளைகளைக் காண்கிறோம். இதில் மனிதனின் பங்கும் உண்டு. கசப்பும் துவர்ப்பும் குறைந்த, தோல் மெலிந்த, விரைவில் வேகும் மணிகளையே நாம் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து விதைத்தோம். பறவைக்கும் பூஞ்சைக்கும் ஈடுகொடுக்கும் துவர்ப்பு மிகுந்த சிவப்புச் சோளத்தை விட்டு வெண்சோளத்தை விரும்பினோம். இங்ஙனம் சுவைக்காக வித்தின் ஆயுதங்களைக் களைந்துவிட்டோம். அவ்வாயுதங்கள் காட்டு இனங்களில் இன்றும் உள்ளன. மடகாஸ்கரிலிருந்து பெற்ற காட்டுப் பாசிப்பயறு வகையொன்று பயறு வண்டை எதிர்ப்பதும், மெக்சிகோவின் காட்டு அவரையினத்தில் ஆர்சலின் எனும் காப்புப் புரதம் இருப்பதும் 1980களில் அறியப்பட்டன.

களைந்ததற்கு ஈடு செய்யும் கடமை நம்முடையது. பயறுக்குச் செம்மண் கட்டுவது, வேப்பிலை இடுவது, விளக்கெண்ணெய் புரட்டுவது ஆகியவை உறை தந்த காப்பை நாம் வெளியிலிருந்து தருவனவே. எண்ணெய்ப் பூச்சு வண்டின் முட்டைகளை மூச்சுத் திணறச் செய்கிறது. எல்லாவற்றிற்கும் முன்னதாக நன்கு உலர்த்துதல் வேண்டும். நிலக்கடலை ஈரத்தோடு கிடந்தால் கல்லீரலைக் கெடுக்கும் அஃப்ளடாக்சின் நஞ்சு தோன்றும். இவற்றை மறந்து, மக்கள் உறங்கும் வீட்டிற்குள் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரைகளை வைப்பது பேராபத்து. அதிலிருந்து எழும் வாயு வண்டென்றும் மனிதரென்றும் பாராது. நம் ஊர்களின் பழைய பயறு வகைகளையும் வேலியோரக் காட்டுக் கொடிகளையும் அழிய விடாமல் வித்தெடுத்து வைப்போமாயின், இழந்த காப்பை மீண்டும் பயிருக்குள்ளேயே சேர்க்கும் வாய்ப்பு வருங்காலத்தவருக்கு எஞ்சும்.