பாட்டைப் படமாக்கு முன்

பாட்டைக் காதாற் கேட்ட காலம் ஒன்றிருந்தது. இலங்கை வானொலிக்கு முன்னே குடும்பம் முழுவதும் கூடியிருந்து, கண்ணை மூடிக்கொண்டு பாட்டுக் கேட்ட தலைமுறையினர் இன்னும் நம் வீடுகளில் உளர். இன்றோ பாட்டைக் கண்ணாற் பார்க்கும் காலம். புதிய பாடலொன்று வெளிவந்தால் "கேட்டாயா?" என்று வினவுவார் இலர், "பார்த்தாயா?" என்றே வினவுகின்றனர்.

இம்மாற்றம் ஒருநாளில் வந்ததன்று. 1975 ஆம் ஆண்டிலே குவீன் என்னும் ஆங்கில இசைக்குழு, தனது 'பொஹீமியன் ராப்சடி' என்ற பாடலுக்காக எடுத்த சிறு படம் பலரது கவனத்தையும் ஈர்த்தது. 1981 ஓகஸ்ட் 1 ஆந் திகதி அமெரிக்காவில் எம்.டி.வி. என்னும் தொலைக்காட்சிச் சேவை தொடங்கியபோது, அது முதன்முதலாகக் காட்டிய பாடலின் தலைப்பே, வானொலி நட்சத்திரத்தை வீடியோ கொன்றுவிட்டது எனப் பொருள்படுவது! அன்று இத்தகைய படமொன்றை எடுப்பதற்குப் பெரிய கமராக்களும் கலையகமும் கைநிறையப் பணமும் வேண்டியிருந்தன. இன்று உயர்தர வகுப்பு மாணாக்கன் ஒருவனின் சட்டைப்பைக்குள் கமராவும் கலையகமும் அடங்கிக் கிடக்கின்றன.

சில மாதங்களுக்கு முன் தந்தையொருவர் நம்மைத் தேடிக் கல்லூரிக்கு வந்தார். முகத்தில் கோபமும் கவலையும் கலந்திருந்தன.

"மாஸ்டர், இவன் எந்நேரமும் போனும் கையுமாய் இருக்கிறான். கேட்டால், பாட்டுக்குப் படம் எடுக்க ஆராய்ச்சி செய்யிறானாம். ஆராய்ச்சியாம் ஆராய்ச்சி! வாற வருஷம் சோதினை."

அவருக்கு ஏதோ ஆறுதல் கூறி அனுப்பினோம். ஆயினும் அவருடைய கேள்வி நம்மை விட்டகலவில்லை. பாட்டுக்குப் படம் எடுப்பதில் ஆராய்ச்சி என்று ஒன்றுண்டா? அதனை அறியும் பொருட்டு, அம்மாணாக்கனோடும் அவன் தோழர் நால்வரோடும் ஆறு சனிக்கிழமைகள் உடனிருந்தோம். அங்கே கண்டவற்றைப் பெற்றோர்க்குக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மலை முளைத்த யாழ்ப்பாணம்

மாணாக்கர் ஐவரும் தாமே இயற்றி மெட்டமைத்த பாடல் யாழ்தேவியைப் பற்றியது. கொழும்பையும் காங்கேசன்துறையையும் இணைத்த அப்புகையிரதம் 1956 இல் ஓடத் தொடங்கிற்று. 1990 ஆம் ஆண்டு யூன் மாதத்தோடு யாழ்ப்பாணத்துக்கான சேவை நின்றது. போர்க்காலத்தில் தண்டவாளங்களும் சிலிப்பர்க் கட்டைகளும் பெயர்க்கப்பட்டுப் பதுங்குகுழிகளுக்குப் போயின. இருபத்துநான்கு ஆண்டுகளின் பின், 2014 ஒக்டோபர் 13 ஆந் திகதி யாழ்ப்பாண நிலையத்துக்குப் புகையிரதம் மீண்டும் வந்தது. அப்போது இம்மாணாக்கருக்கு ஐந்தாறு வயது. ஆகவே தாம் காணாத ஒரு காலத்தையே அவர்கள் படமாக்க விரும்பினர்.

காணாததைக் காண்பதற்கு அவர்கள் கைக்கொண்ட முதல் வழி செயற்கை நுண்ணறிவு. 'பழைய யாழ்ப்பாணப் புகையிரத நிலையம்' என்று எழுதிக் கேட்டதும், கணப்பொழுதில் அழகிய படமொன்று வந்தது. மாணாக்கர் மகிழ்ந்தனர். நாம் உற்றுப் பார்த்தோம். நிலையத்தின் பின்னே நீல மலைத்தொடர் ஒன்று நின்றது! குடாநாட்டில் மலை ஏது? பெயர்ப்பலகையில் இருந்தவை தமிழ் எழுத்துப் போன்ற தோற்றங்கள், ஒன்றுகூட எழுத்தன்று.

இரண்டாவதாக, இணையத்திலே 'யாழ்ப்பாண நிலையம், 1960' என்ற குறிப்போடு பலராலும் பகிரப்பட்ட ஒளிப்படம் ஒன்றை எடுத்தனர். படத்தையே கொடுத்து அதன் மூலத்தைத் தேடும் வசதி இப்பொழுது உண்டு. அதனைப் பயன்படுத்துமாறு கூறினோம். அது தென்னிந்தியாவின் நிலையம் ஒன்று எனத் தெரியவந்தது.

"இருந்தால் என்ன சேர்? ஆர் கண்டுபிடிக்கப் போகினம்?" என்றான் ஒருவன்.

அக்கேள்வியை நாம் சிறுபிள்ளைத்தனம் என்று தள்ளிவிடவில்லை. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறக்குறைய 97,000 நூல்கள் சாம்பலாயின. பின்னர் இடப்பெயர்வுகளிலே வீட்டுக்கு வீடு ஒளிப்பட அல்பங்கள் தொலைந்தன. பத்தாயிரம் படங்கள் உள்ள ஊரில் ஒரு பொய்ப்படம் வெறும் ஒரு பொய்ப்படமே. பத்துப் படங்களே எஞ்சிய ஊரிலோ அது சரித்திரத்திற் பத்திலொரு பங்காகிவிடும். இன்று நாம் அழகுக்காக வைக்கும் மலையை, நாளை ஒரு குழந்தை உண்மையென்று எடுத்துக்கொள்ளும். கண்டுபிடிப்பார் இல்லாத இடத்திலேதான் நாம் கூடுதலாக அஞ்சவேண்டும். இதனைக் கூறியதும் வகுப்பறை சற்று நேரம் அமைதியாயிற்று. மலைப்படத்தை அவர்களே அழித்தனர்.

தேடும் முறை

அதன்பின் தேடல் ஒழுங்காக நடந்தது. 2005 முதல் ஈழத்துத் தமிழ் நூல்களையும் பத்திரிகைகளையும் சஞ்சிகைகளையும் இணையத்தில் இலவசமாகப் படிக்கத் தரும் 'நூலகம்' என்னும் எண்ணிம நூலகத்தை நாடினர். அங்கே அவர்கள் கற்ற பாடங்கள் இரண்டு. ஒரு பொருளுக்குப் பல பெயர்கள் உண்டு. புகையிரதம், புகைவண்டி, ரயில், றெயில், கோச்சி என ஒவ்வொன்றாகத் தேடவேண்டும் என்பது முதலாவது. பழைய பக்கங்கள் படங்களாகவே பதிவாகியிருத்தலால், சொல்லைக் கொடுத்தாற் கிடையாதது பக்கத்தைப் புரட்டினாற் கிடைக்கலாம் என்பது இரண்டாவது. கிடைத்த ஒவ்வொன்றையும் எங்கே கண்டது, எந்த ஆண்டினது, எவருக்கு உரியது என்ற குறிப்போடு பொதுவான அட்டவணை ஒன்றிற் பதிந்தனர். ஐவரும் ஐந்து வீடுகளில் இருந்துகொண்டே அந்த ஓர் அட்டவணையில் எழுத முடிந்தது.

உரிமையும் கவனிக்கத்தக்கது. இணையத்திற் கிடப்பதெல்லாம் பொதுச்சொத்து என்று எண்ணுவோர் பலர். 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, ஆக்கியோனின் வாழ்நாளும் அதன்பின் எழுபது ஆண்டுகளும் அவனது ஆக்கத்துக்குப் பதிப்புரிமை உண்டு. ஆதலால் அனுமதி கிடைத்த படங்களை மாத்திரம் வைத்துக்கொண்டு, ஏனையவற்றைப் பார்த்தறிவதோடு நிறுத்திக்கொண்டனர்.

வளையத்தின் கதை

இத்தனை தேடியும் கிடையாத ஒன்று, கல்லூரிக்கு அண்மையிலேயே இருந்தது. இளைப்பாறிய புகையிரத ஊழியர் ஒருவர். எண்பது வயதைக் கடந்தவர். சிறு நிலையமொன்றிற் பணியாற்றியவர். மாணாக்கர் அவரிடம் அனுமதி பெற்று, அவர் கூறியவற்றைக் கைத்தொலைபேசியில் ஒலிப்பதிவு செய்தனர்.

ஒற்றைத் தண்டவாளப் பாதையிலே இரண்டு வண்டிகள் எதிரெதிரே வந்து மோதாதபடி, ஒரு நிலையத்துக்கும் அடுத்த நிலையத்துக்கும் இடையில் ஒரே வண்டியை மாத்திரம் விடுவார்கள். அதற்கு அடையாளமாகத் தட்டு ஒன்றைத் தோற்பையில் இட்டு, பெரிய வளையத்தில் மாட்டிச் சாரதிக்குக் கொடுப்பார்கள். நில்லாது செல்லும் வண்டியென்றால், வேகத்தைக் குறைத்து, பழைய வளையத்தை விட்டெறிந்து, புதிய வளையத்தைக் கையாற் கோத்தெடுத்துச் செல்வார்கள்.

"வளையம் கைக்கு வராமல் கோச்சி ஓரடி நகரக்கூடாது, தம்பி," என்றார் முதியவர். சிறிது பொறுத்து, "தொண்ணூறாம் ஆண்டு யூனிலை அண்டைக்கும் வளையத்தைக் குடுத்துத்தான் அனுப்பினன். நாளைக்கு வரும் எண்டுதான் நினைச்சன்," என்றார். அதன்மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. மாணாக்கரும் ஒன்றும் கேட்கவில்லை. ஒலிப்பதிவிலே அந்த மௌனமும் பதிவாகியிருக்கிறது.

அன்றே பாடலின் படம் மாறிவிட்டது. பல்லவி வருமிடமெல்லாம் பிள்ளைகள் நடனமாடுவதாக இருந்த திட்டத்தைக் கைவிட்டனர். கையிலிருந்து கைக்கு மாறும் வளையமே பல்லவியின் காட்சியாயிற்று. முதியவரையும் நடிக்குமாறு வேண்டினர். "என்ரை முகம் வேண்டாம், கை போதும்," என்று இசைந்தார்.

கணக்கும் கதிரவனும்

அடுத்தது திட்டம். பாடலின் நீளம் 4 நிமிடம். நிமிடத்துக்கு 90 அட்சரம். எனவே மொத்தம் 360 அட்சரம். ஆதி தாளத்தில் எட்டெட்டாக வகுத்தால் 45 ஆவர்த்தனம். ஆவர்த்தனம் ஒன்றுக்கு ஒரு காட்சி என்று 45 கட்டங்கள் வரைந்தனர். ஓவியம் வராதவன் கோட்டு மனிதர்களை வரைந்தான். அதனால் யாதொரு குறையும் இல்லை. அக்கட்டங்களைப் படம்பிடித்து, கைத்தொலைபேசியின் தொகுப்புச் செயலியிலே பாடலின்மேல் வரிசையாக ஒட்டி ஓடவிட்டனர். ஒரு காட்சியும் எடுக்குமுன்னரே முழுப்படத்தையும் பார்த்துவிடலாம்! இரண்டாஞ் சரணம் சலிப்பூட்டுகிறது என்பது அங்கேயே தெரிந்தது. தாளில் திருத்தச் செலவு ஒன்றுமில்லை. படமெடுத்த பின் திருத்துவதானால் ஒருநாட் பாடு வீணாகும்.

ஓரிடத்திற் பாடகன் மெதுவாக நடந்துகொண்டே பாடவேண்டும். விநாடிக்கு 50 படங்களாக எடுத்து 25 ஆக ஓடவிட்டால் அசைவு பாதி வேகமாகும். ஆனால் வாயசைவும் பாதியாகிவிடும். ஆகையாற் படமெடுக்கும்போது பாடலை இருமடங்கு வேகத்தில் ஒலிக்கவிட்டு, அதற்கேற்ப வாயசைக்கவேண்டும். ஒத்திகையில் அக்கீச்சுக்குரலைக் கேட்டு நாமும் சிரித்தோம்.

இடத்தைத் தெரிவதற்குச் செய்மதிப் படங்கள் உதவின. நாவற்குழியிலே கடல்நீரேரியைக் கடக்குமிடத்தில் வீதியும் இருப்புப்பாதையும் அயலயலே செல்வதைக் கண்டனர். வீதியோரத்தில் நின்றே புகையிரதத்தை எடுக்கலாம். தண்டவாளத்திற் கால்வைக்கத் தேவையில்லை. தண்டவாளத்தில் நின்று படமெடுத்து உயிரிழந்தோர் பலர். இவ்விடயத்தில் நாம் விட்டுக்கொடுக்கவில்லை. நிலையத்துள் எடுக்கும் காட்சிகளுக்கு, கல்லூரி அதிபர் மூலமாகப் புகையிரதத் திணைக்களத்துக்கு அனுமதி கேட்டு எழுதினோம்.

குறித்த நாளிற் சூரியன் எத்திசையில் எவ்வுயரத்தில் நிற்பான் என்பதைக் காட்டும் செயலிகளும் உள. ஏப்ரல் நடுப்பகுதியில் நண்பகற் சூரியன் யாழ்ப்பாணத்துக்கு நேர் உச்சியில் நிற்கிறான். அவ்வேளையிற் படமெடுத்தாற் கண்குழியெல்லாம் இருண்டு முகம் மண்டையோடு போலத் தோன்றும். ஆகவே காலை ஏழு மணிக்கு ஒரு பகுதி, மாலை ஐந்து மணிக்கு ஒரு பகுதி என்று வகுத்தனர். பாட்டின் வரிசை வேறு, படமெடுக்கும் வரிசை வேறு என்பதும் அவர்களுக்கு விளங்கிற்று. ஓரிடத்துக் காட்சிகளையெல்லாம் ஒன்றாகச் சேர்த்தபோது, ஏழு நாள் வேலை மூன்று நாளாகச் சுருங்கிற்று.

பதினாறு விநாடி

ஆறாவது சனிக்கிழமை அத்தந்தையை அழைத்திருந்தோம். மேசைமேல் கைத்தொலைபேசியைச் சாய்த்து வைத்து, கோட்டுப் படங்களாலான அம்முன்மாதிரியை ஓடவிட்டான் மகன். வளையம் கைமாறியது. புகையிரதம் போனது. பின்னர் மூன்று ஆவர்த்தனம், அதாவது பதினாறு விநாடி, பாட்டு இல்லை. புல் முளைத்த வெறும் பாதை மாத்திரம். இருபத்துநான்கு ஆண்டுகளுக்கு அவர்கள் கொடுத்த இடம் அது.

படம் முடிந்தும் தந்தை எழுந்திருக்கவில்லை. சற்று நேரத்தின் பின், "நானும் அந்தக் கோச்சியிலை போனனான். ஐயாவோடை கொழும்புக்கு. எனக்கு அப்ப பதின்மூண்டு வயசு," என்றார். மகன் அவரை வியப்போடு நோக்கினான். அவன் அதனை ஒருநாளும் கேட்டறிந்தவனல்லன்; அவரும் ஒருநாளும் சொன்னவரல்லர்.

மகன் மெல்லக் கையை நீட்டிக் கைத்தொலைபேசியை எடுத்தான். ஒலிப்பதிவை இயக்கித் தந்தையின் முன்னே வைத்தான். இம்முறை அவர் அவனைக் கண்டிக்கவில்லை. தம் ஐயா நிலையத்தில் வாங்கித் தந்த கச்சான் சுருளிலிருந்து கதையைத் தொடங்கினார்.

பெற்றோரே, பிள்ளையின் கையிலுள்ள கருவியைப் பறிக்குமுன் அவன் எதைத் தேடுகிறான் என்று ஒருமுறை கேளுங்கள். அவன் தேடுவது உங்களிடமே இருக்கவுங் கூடும்.