கூடு பிறருடையது, பொறி தமது

புதிதாக ஒரு காரைச் செய்யப் புகுவோர் எதனில் முதலிற் கைவைத்தல் வேண்டும்? உடற்கூட்டிலா, உள்ளே இயங்கும் பொறியிலா? கலிபோர்னியாவின் சான் டிமாஸ் நகரிலே இயங்கிய 'ஏசி புரொப்பல்சன்' என்னும் சிறு நிறுவனம் 1997 இல் இவ்வினாவுக்குத் தயக்கமின்றி விடை கண்டது. கூட்டைப் பிறரிடம் வாங்கிவிட்டுப் பொறியிலே கருத்தைச் செலுத்தியது.

மேனாடுகளில் 'கிட் கார்' என்றொரு வகை உண்டு. உடலும் அடிச்சட்டமும் பகுதி பகுதியாக விலைக்கு வரும். வாங்கியவரே தம் வீட்டுக் கொட்டகையில் அவற்றைப் பூட்டிக்கொள்வர். பொழுதுபோக்காளர் வேலை என்று இதனை எள்ளுவாரும் உளர். 'பியொன்டெக் ஸ்போர்டெக்' என்னும் அத்தகைய காரையே அந்நிறுவனத்தார் தெரிந்தெடுத்தனர். உருக்குக் குழாய்ச் சட்டம். அதன்மேற் கண்ணாடி நாரிழையாலான மெல்லுடல். மோட்டார் சைக்கிள் எஞ்சினைக் கருதி வகுக்கப்பெற்ற அந்த இலேசான கூட்டினுள் 28 ஈய அமிலப் பற்றரிகளும் ஆடலோட்ட மோட்டார் ஒன்றும் புகுந்தன. காலத்தின் தொடக்கக் கணத்தைக் குறிக்கும் கணிதக் குறியீட்டைக் கொண்டு 'டீ சீரோ' எனப் பெயரிட்டனர்.

நிறுவனர் அலன் கொக்கோனி, ஜெனரல் மோட்டோர்ஸ் 1990 இற் காட்டிய 'இம்பாக்ட்' என்னும் மின்சாரக் காரின் மின்னணுப் பொறியை வகுத்தவர். அவர்தம் நுட்பம் ஒன்று வியக்கத்தக்கது. கார் ஓடுகையில் மோட்டாரை இயக்கும் அதே மின்னணுப் பொறி, கார் நிற்கையிற் பற்றரிக்கு மின்னேற்றும். தனி மின்னேற்றியின் பாரம் இதனால் ஒழிந்தது.

பாரந்தானே இத்தொழிலின் தீராத தலைவலி! தூரத்தைக் கூட்டப் பற்றரியைக் கூட்டினால், பற்றரியைச் சுமப்பதற்கே மின்சாரம் செலவாகிறது. மணிக்கு 60 மைல் வேகத்தை நாலு செக்கன் அளவில் எட்டிய அக்கார், ஒரு மின்னேற்றத்தில் 100 மைல் ஓடுவதே அரிதாயிற்று.

2003 இல் ஈயத்தை அகற்றினர். அக்கால மடிக்கணினிகளில் இருந்த விரலளவான இலிதியம் கலங்கள் ஏறத்தாழ 6,800 அவ்விடத்திற் புகுந்தன. பாரம் ஏறத்தாழ 500 இறாத்தல் குறைந்தது. ஓடும் தூரமோ 300 மைலளவுக்கு உயர்ந்தது. 60 மைல் வேகத்துக்கு 3.6 செக்கனே போதுமாயிற்று. கூடு மட்டும் பழைய கூடே.

இம்மாற்றத்துக்குப் பொருளுதவி புரிந்தவர் மார்ட்டின் எபர்ஹார்ட். இக்காரை விற்பனைக்காகப் பெருவாரியாகச் செய்யுமாறு அவர் வற்புறுத்தியும் நிறுவனத்தார் இசைந்திலர். செய்யப்பட்டவை மூன்றே மூன்று. அவர்களைப் பழித்தல் எளிது; ஆயினும் ஒரு காரைக் கையாற் பூட்டுவதும் ஆயிரம் கார்களைச் சந்தைக்கு அனுப்புவதும் இருவேறு தொழில்கள் அல்லவா?

எபர்ஹார்ட் அதே ஆண்டில் மார்க் டார்பெனிங்குடன் சேர்ந்து டெஸ்லா நிறுவனத்தைத் தொடங்கினார். கொக்கோனியின் நிறுவனத்திடம் உரிமம் பெற்ற நுட்பத்தைத் தளமாகக் கொண்டு எழுந்த அவர்களது முதற் கார் 'ரோட்ஸ்டர்', 2008 இல் வாங்குவோர் கைக்கு வந்தது. அதன் அடிச்சட்டமும் அவர்கள் தாமே புதிதாக வகுத்ததன்று. இங்கிலாந்தின் லோட்டஸ் நிறுவனத்தார் செய்த 'எலீஸ்' காரின் வழிவந்தது.